‘கெட்’ கைவந்தால் பேச்சு வரும்: கொழிஞ்சாம்பாறைத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், கல்லூரிப் புத்தகத்திலும் வேலைக்கான நேர்முகத்திலும் ஆங்கிலம். இந்த ஊர் அடங்கிய சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது; 1956 நவம்பர் 1-ம் தேதி கேரள மாநிலம் உருவானபோது அதன் பகுதியானது. தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கிற வட்டாரம் இது. அங்கே படித்து முடித்து, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கொழிஞ்சாம்பாறை அரசுக் கல்லூரிக்கோ, கோயம்புத்தூருக்கோ, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கோ போகிற பிள்ளைகளை ஒரு சின்னச் சொல் அடிக்கடி தடுக்கி விழவைக்கிறது. அந்தச் சொல் ‘கெட்’.

காரணம் எளியது. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பாடப் புத்தகத்திலிருந்தும் விண்ணப்பப் படிவத்திலிருந்தும் வந்தது. அதனால் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’, ‘ரீச்’ எல்லாம் தெரியும். ஆனால் பேசுகிற ஆங்கிலத்தில் இந்த நான்கு வேலைகளையும் ‘கெட்’ ஒன்றே செய்துவிடுகிறது. டக்ளஸ் பைபரும் அவருடைய குழுவினரும் 1999-ல் வெளியிட்ட லாங்மேன் இலக்கண நூல், ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 12 வினைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறது. உரையாடலில் நிறைய வரும் இந்தச் சொல், ஆய்வு நூல்களில் அரிதாகவே வரும் என்றும் காட்டுகிறது. புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் படித்தவருக்கு இது பழகாமல் போனதில் வியப்பில்லை.

அகராதியைத் திறந்தால் இதற்குப் பத்தி பத்தியாகப் பொருள் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘கெட்’டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள், பொருள் தானாகத் தெரியும். தமிழ் வகுப்பில் படித்த வேற்றுமையும் பிறவினையும் துணைவினையும் இதற்குக் கை கொடுக்கும்.

படி 1: ஒலியும் உருவமும்

தமிழில் ‘கெட்’ என்று எழுதினாலும், முதல் எழுத்தை ‘தங்கம்’ என்னும்போது நடுவில் கேட்கிற ககரம்போல ஒலிக்க வேண்டும். மலையாளம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: கங்கை ஆற்றின் பெயரை மலையாளத்தில் எழுதும்போது முதலில் போடுகிற எழுத்துதான் இது. கடைசியில் உகரம் சேர்த்து ‘கெட்டு’ என்று இழுக்காதீர்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்று மேலே தொட்டதும் சொல் முடிந்துவிட வேண்டும்.

உருவங்கள் சிலவே. அவன், அவள், அது என்றால் ‘கெட்ஸ்’. நடந்து முடிந்தது என்றால் ‘காட்’. நடந்துகொண்டிருந்தால் ‘கெட்டிங்’. அமெரிக்கப் படங்களில் ‘ஹேவ்’ உடன் ‘காட்டன்’ என்று வருவதைக் கேட்கலாம். பிரிட்டிஷ் வழக்கில் அங்கேயும் ‘காட்’தான்.

பலரும் தவறும் இடம் கேள்வியும் மறுப்பும். ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது சுமந்துகொள்ளும், ‘கெட்’ மாறாது. ‘டிட் யூ காட் இட்?’ என்பது பிழை. ‘டிட் யூ கெட் இட்?’ என்பதே சரி. ‘ஐ டிடன்ட் கெட் இட்’ என்பது மறுப்பு.

படி 2: அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால், ‘கிடைத்தது’, ‘வாங்கினேன்’

‘ஐ காட் அ ஜாப்’: எனக்கு வேலை கிடைத்தது.

தமிழ் வாக்கியத்தில் எழுவாய் ‘வேலை’. ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ‘எனிக்கு ஜோலி கிட்டி’ என்கிற மலையாளமும் இதே அமைப்பில்தான் நிற்கிறது. ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது: பெற்றவர் எழுவாயாக முன்னால் வருவார், கிடைத்த பொருள் பின்னால் போகும். வீட்டிலும் தெருவிலும் இரண்டு மொழிகளும் ஒரே முறையில் பழகிவிட்டதால், நம் பிள்ளைகள் ‘ஃபார் மீ ஜாப் காட்’ என்று தொடங்கிவிடுகிறார்கள். ‘எனக்கு’ என்று மனதில் தோன்றும்போதே வாயில் ‘ஐ’ வரட்டும். ‘அவளுக்கு’ என்றால் ‘ஷி’. ‘எங்களுக்கு’ என்றால் ‘வி’. இந்த ஒரு மாற்றம் பழகினால் பாதிப் பிழைகள் ஒழியும்.

‘வி காட் த இன்கம் சர்ட்டிஃபிகேட் எஸ்டர்டே’: எங்களுக்கு நேற்று வருமானச் சான்றிதழ் கிடைத்தது.
‘ஷி காட் ஃபீவர்’: அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

நம்முடைய ‘வாங்கு’ இதற்கு இன்னும் நெருக்கம். கடையில் அரிசி வாங்குகிறோம், பரீட்சையில் மார்க் வாங்குகிறோம், அப்பாவிடம் திட்டு வாங்குகிறோம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘காட்’ போடலாம்.

‘ஐ காட் எய்ட்டி மார்க்ஸ் இன் மேத்ஸ்’: கணக்கில் எண்பது மார்க் வாங்கினேன்.
‘ஐ காட் அ ஸ்கோல்டிங் ஃப்ரம் மை ஃபாதர்’: அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

இன்னொருவருக்காகக் கொண்டுவரச் சொல்வதற்கும் இதே சொல்: ‘கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?’ (எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவருவீர்களா?) பொருள் மனதுக்கு எட்டினாலும் இதே சொல்தான்: ‘ஐ காட் இட்’ என்றால் புரிந்துவிட்டது. ‘ஸாரி, ஐ டிடன்ட் கெட் யூ’ என்றால் நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. தொலைபேசியில் எதிர்முனைப் பேச்சு விளங்காதபோது மௌனமாகிவிடாமல் இந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

படி 3: அடுத்து ஒரு பண்பைச் சொல்லும் சொல் வந்தால், ‘ஆயிற்று’, ‘போயிற்று’

‘இட் இஸ் கெட்டிங் லேட்’: நேரமாகிறது.
‘த டீ காட் கோல்ட்’: டீ ஆறிப்போச்சு.
‘ஐ காட் வெட்’: நனைஞ்சு போயிட்டேன்.
‘த சைல்ட் காட் ஸ்கேர்ட்’: குழந்தை பயந்து போச்சு.

தமிழ்ப் பக்கத்தைக் கவனியுங்கள். ‘போ’ என்ற துணைவினை இங்கே நடந்து செல்வதைச் சொல்லவில்லை; ஒரு நிலையிலிருந்து வேறு நிலைக்கு மாறியதைச் சொல்கிறது. ‘கெட்’ செய்வதும் அதே வேலை.

‘ஐ ஆம் டயர்ட்’ என்பதற்கும் ‘ஐ காட் டயர்ட்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவது இப்போதுள்ள நிலை: களைப்பாக இருக்கிறேன். இரண்டாவது மாற்றம்: நடந்து நடந்து களைத்துப் போனேன். ஊர் வெயிலை வைத்தே பழகலாம். ‘மார்ச் இஸ் ஹாட் ஹியர்’ என்றால் மார்ச் மாதம் இங்கே சூடு. ‘இட் கெட்ஸ் ஹாட் இன் மார்ச்’ என்றால் மார்ச் வந்தால் சூடு ஏறத் தொடங்கும். கால்வாயில் தண்ணீர் நின்றதும் வயல் காய்வதைச் சொல்ல: ‘த ஃபீல்ட்ஸ் கெட் ட்ரை’.

படி 4: அடுத்து ஓர் இடம் வந்தால், ‘போய்ச் சேர்’

‘ஹவ் டூ ஐ கெட் டு த ரயில்வே ஸ்டேஷன்?’ (ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது?) தெரியாத ஊரில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பயன்படும் ஆங்கில வாக்கியம் இல்லை. இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் எந்த ஊரிலும் வழி கேட்கலாம்.

இடப்பெயருக்கு முன் ‘டு’ வரும்: ‘வி காட் டு பொள்ளாச்சி அட் நைன்’. வீடு, இங்கே, அங்கே ஆகிய மூன்றுக்கும் ‘டு’ வராது: ‘ஐ காட் ஹோம்’, ‘கெட் ஹியர் பை டென்’, ‘வென் டிட் யூ கெட் தேர்?’ தமிழில் ‘வீட்டுக்கு’ என்று ‘கு’ வருவதால் ‘காட் டு ஹோம்’ என்று சொல்லத் தோன்றும். அந்த ‘டு’வை விட்டுவிடுங்கள்.

வண்டியில் ஏறி இறங்குவது தனிக் கணக்கு. பஸ், ரயில் என்றால் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நம் பஸ்களில் எல்லோரும் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்தியாவுக்குள் செல்லுபடியாகும். வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ போகிறவர்கள் ‘கெட் ஆஃப்’ என்று பழகிக்கொள்வது நல்லது.

படி 5: அடுத்து ‘செய்யப்பட்ட’ என்னும் வடிவம் வந்தால், செயப்பாட்டு

‘ஷி காட் செலக்டட்’: அவள் செலக்ட் ஆயிட்டாள்.
‘த பஸ் காட் கேன்சல்ட்’: பஸ் கேன்சல் ஆயிருச்சு.
‘அவர் டீச்சர் காட் டிரான்ஸ்ஃபர்ட்’: எங்கள் டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிருச்சு.
‘ஐ கெட் பெய்ட் ஆன் த ஃபிஃப்த்’: எனக்கு ஐந்தாம் தேதி சம்பளம் தருவார்கள்.

‘தேர்ந்தெடுக்கப்பட்டாள்’ என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை, ‘ஆயிட்டாள்’ என்கிறோம். அந்த ‘ஆயிட்டாள்’, ‘ஆயிருச்சு’ வருகிற இடத்தில் ‘காட்’ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். கல்யாணத்துக்கு ஒரு குறிப்பு: ‘ஷி காட் மேரீட் டு அன் எஞ்சினியர்’ என்று ‘டு’தான் வரும். ‘எஞ்சினியருடன்’ என்று நினைத்து ‘வித்’ போடக் கூடாது.

படி 6: பிறரைக் கொண்டு செய்வித்தால், பிறவினை

இந்தப் படியில் நின்று நிதானித்துப் படியுங்கள். படித்தவர்களும் தவறுகிற இடம் இது.

தென்னந்தோப்பு மோட்டார் பழுதாகிவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரிசெய்தீர்கள். ‘ஐ ரிப்பேர்ட் த மோட்டார்’ என்று சொன்னால், ஸ்பேனரைக் கையிலெடுத்து நீங்களே சரிசெய்ததாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். நடந்ததைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: வேலை யார் செய்தார் என்பது முக்கியமில்லை என்றால், ‘கெட்’, பிறகு பொருள், பிறகு ‘செய்யப்பட்ட’ வடிவம்.
‘ஐ காட் த மோட்டார் ரிப்பேர்ட்’: மோட்டாரைச் சரிசெய்ய வைத்தேன்.
‘ஐ காட் மை ஹேர் கட்’: முடி வெட்டிக்கொண்டேன்.
‘வி காட் த நேம் கரெக்டட் இன் த ரேஷன் கார்ட்’: ரேஷன் கார்டில் பெயரைத் திருத்தி வாங்கினோம்.

இரண்டாம் வழி: யாரைச் செய்யவைத்தீர்கள் என்று சொல்ல வேண்டுமானால், ‘கெட்’, பிறகு ஆள், பிறகு ‘டு’ சேர்ந்த வினை.
‘ஐ காட் த மெக்கானிக் டு ரிப்பேர் த மோட்டார்’: மெக்கானிக்கைக் கொண்டு மோட்டாரைச் சரிசெய்தேன்.
‘ஷி காட் ஹர் சன் டு ஸ்டடி’: மகனைப் படிக்கவைத்தாள்.

‘மேக்’, ‘ஹேவ்’ ஆகிய வினைகளும் இதே பொருளைத் தரும். ஆனால் அவற்றுக்குப் பின் ‘டு’ வராது: ‘ஷி மேட் ஹர் சன் ஸ்டடி’. ‘மேக்’ என்றால் கட்டாயம் தொனிக்கும். ‘கெட்’ என்றால் சொல்லிப் புரியவைத்தோ, கேட்டுக்கொண்டோ செய்யவைத்தது தொனிக்கும். செய் – செய்வி, உண் – ஊட்டு, நட – நடத்து என்று தமிழ் இலக்கணத்தில் படித்த பிறவினைதான் இது. தமிழில் வினையின் உருவம் மாறுகிறது. ஆங்கிலத்தில் முன்னால் ஒரு ‘கெட்’ வந்து நிற்கிறது.

படி 7: ‘ஹேவ் காட்’: இருக்கிறது, செய்தாக வேண்டும்

‘ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்’ என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். இங்கே ‘காட்’ இருந்தாலும் இறந்தகாலம் இல்லை. ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் நான் போயாக வேண்டும். வேகமாகப் பேசும்போது இதுவே ‘காட்டா கோ’ என்று ஒலிக்கும். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் போடாதீர்கள்.

படி 8: சேர்த்துப் படிக்க வேண்டிய கூட்டு வினைகள்

கேரள பி.எஸ்.சி. தேர்வுகளின் பொது ஆங்கிலப் பகுதியில் கூட்டு வினைகள் வழக்கமாகக் கேட்கப்படுகின்றன. ‘கெட்’ குடும்பத்தில் இவற்றைத் தெரிந்துகொண்டால் நல்ல அடித்தளம் கிடைக்கும்.

‘கெட் அப்’: படுக்கையை விட்டு எழு. கண் விழிப்பது ‘வேக் அப்’. ஐந்து மணிக்கு விழித்து ஆறு மணிக்கு எழுந்தால் இரண்டு சொற்களும் வேண்டும்.
‘கெட் அலாங் வித்’: ஒருவரோடு ஒத்துப்போ. ‘ஐ கெட் அலாங் வித் மை நெய்பர்ஸ்.’
‘கெட் ஓவர்’: நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வா.
‘கெட் த்ரூ’: தேர்வில் தேறு, தொலைபேசியில் தொடர்பு பெறு.
‘கெட் ரிட் ஆஃப்’: வேண்டாததை ஒழித்துவிடு.
‘கெட் பை’: இருப்பதை வைத்துச் சமாளி.
‘கெட் பேக்’: திரும்பி வா, கொடுத்ததைத் திரும்பப் பெறு.
‘கெட் அவே வித்’: தவறு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பு.

பொருளை மட்டும் எழுதிப் படித்தால் தேர்வறையில் மறந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் நடந்த ஒரு செய்தியை வைத்து ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள்.

படி 9: ஒரு தொலைபேசிப் பேச்சில் எல்லாவற்றையும் பாருங்கள்

பாலக்காட்டில் ஓர் அலுவலகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பெண் போன் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

‘குட் மார்னிங், மேடம். ஐ காட் யுவர் மெசேஜ் அபவுட் த இன்டர்வியூ. ஹவ் டூ ஐ கெட் டு யுவர் ஆஃபீஸ்?’
‘கெட் ஆஃப் அட் த பஸ் ஸ்டாண்ட் அண்ட் கெட் அன் ஆட்டோ. ட்ரை டு கெட் ஹியர் பை டென். இட் கெட்ஸ் கிரவுடட் ஆஃப்டர் தட்.’
‘ஷுட் ஐ கெட் மை சர்ட்டிஃபிகேட்ஸ் அட்டெஸ்டட்?’
‘எஸ், ப்ளீஸ்.’
‘காட் இட், மேடம். தேங்க் யூ.’

எட்டு இடங்களில் ‘கெட்’ வந்திருக்கிறது. செய்தி வந்தது, இடம் சேர்வது, பஸ்ஸிலிருந்து இறங்குவது, ஆட்டோ பிடிப்பது, பத்து மணிக்குள் வருவது, கூட்டம் சேர்வது, சான்றொப்பம் வாங்குவது, புரிந்தது. ஒவ்வொன்றும் எந்தப் படியில் சொன்னது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிறகு தோழியையோ தம்பியையோ எதிரே உட்காரவைத்து, இரண்டு பாத்திரங்களையும் மாற்றி மாற்றிப் பேசுங்கள்.

படி 10: எங்கே ‘கெட்’ வேண்டாம்

அலுவலகக் கடிதத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் இந்தச் சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்பதைவிட ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ பொருந்தும். ‘காட் வொர்ஸ்’ என்பதற்கு ‘பிகேம் வொர்ஸ்’ என்று எழுதலாம். பேச்சுக்குக் ‘கெட்’, எழுத்துக்கு நீங்கள் ஏற்கெனவே படித்த சொற்கள்.

அரசு அலுவலகத்துக்கு எழுதுகிற கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. ஆங்கிலம் கற்பது வேலைக்கும் வெளியுலகத்துக்கும். தமிழில் எழுதும் உரிமையை அதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடை பின்னால் இருக்கிறது.

1. நேற்று எனக்குச் சம்பளம் வந்தது.
2. இருட்டிக்கொண்டு வருகிறது.
3. அவர் எப்போது வீட்டுக்கு வந்து சேர்ந்தார்?
4. தம்பியைக் கடைக்குப் போகவைத்தேன்.
5. சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்து வாங்கினோம்.
6. எனக்குப் பரிசு கிடைக்கவில்லை.

விடைகள்:
1. ஐ காட் மை சாலரி எஸ்டர்டே.
2. இட் இஸ் கெட்டிங் டார்க்.
3. வென் டிட் ஹி கெட் ஹோம்?
4. ஐ காட் மை பிரதர் டு கோ டு த ஷாப்.
5. வி காட் த சைக்கிள் பெயின்டட்.
6. ஐ டிடன்ட் கெட் த பிரைஸ்.

ஒரு நாளைக்கு ஒரு படி போதும். காலையில் படித்ததை வைத்து, அன்று உங்களுக்கு உண்மையில் நடந்த மூன்று செய்திகளை மாலையில் உரக்கச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லாமல் எழுதி மட்டும் பார்த்தால் பேச்சு வராது.

தமிழ்வழியில் படித்ததால் ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்காம் வேற்றுமையும் துணைவினையும் பிறவினையும் அறிந்த மாணவருக்கு, ஆங்கிலம் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பது தெளிவாகத் தெரியும். கூடவே மலையாளமும் தெரிந்த கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மொழிகள் கையில் இருக்கின்றன. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணத்தைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் விரைவில் புரிந்துகொள்வார்கள்.